இரண்டு பக்கமும்

சண்டர்லாந்தில், ஆற்றைப் பார்க்காத பக்கம்,
மூன்றாவது மாடி. எங்களுக்கு வேலை
பழைய கடன்களைத் தோண்டுவது.
ஆகஸ்டு கடைசித் தேதி நெருங்குகிறது,
ஊரே பரணிலிருந்து பைகளை இறக்குகிறது.
தேநீர்க் கோப்பை வட்டங்களோடு வருகின்றன
கிரெடிட் கார்டு கணக்குகள்.
ஒன்றில் ஒரு நாயின் தடுப்பூசிச் சீட்டும் இருந்தது.
திருப்பி அனுப்பிவைத்தேன்.

இன்றைக்கு முப்பத்து நாலாவது கோப்பு.
வில்ஃப் கார்த்வெயிட், கான்செட்.
தொழில்: ஜன்னல் துடைப்பது. முதலாளி: இல்லை.
2002 மார்ச்சில் நாலாயிரம் பவுண்டு, வேன் வாங்க.
அதன் தலையில் ஆயிரத்து நூற்று நாற்பது,
தவணைப் பாதுகாப்புக் காப்பீடு.
வேலை போனால் தவணையை அவர்கள் கட்டுவார்களாம்.
யாரும் வேலைக்கு வைக்காதவரை
யார் வேலையை விட்டு நீக்குவது?
காப்பீட்டுக்கும் சேர்த்தே வட்டி, ஐந்து வருடம்.

கட்டத்துக்குள் டிக் முன்பே அச்சாகியிருக்கிறது.
கீழே பென்சிலில் ஒரு பெருக்கல் குறி,
கையெழுத்து இங்கே என்பதற்கு.
ஓரத்தில் விற்றவரின் முதலெழுத்துகள்:
ஜெ.ர.

அந்த வாலை நான் இன்னும் அப்படித்தான் சுழிக்கிறேன்.

ஜெனட் ரட்டிக், வயது இருபத்து மூன்று,
கான்செட் கிளை, இரண்டாம் மேசை.
சுவரில் வெள்ளைப் பலகை, வாரத்துக்குப் பதினாறு.
பன்னிரண்டில் நின்றால் மேலாளர் திட்டமாட்டார்,
பெயரை மட்டும் ஒரு வரி கீழே இறக்குவார்.
"இது இல்லாமல் கடன் கிடைக்காதா?" என்று கேட்டார் வில்ஃப்.
"எடுத்தால் சீக்கிரம் கிடைக்கும்" என்றேன்.
பொய் என்று யாரும் பிடிக்க முடியாத வாக்கியம்.
மூன்று நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள்,
மதியச் சாப்பாட்டோடு.

ஒவ்வொரு பாலிசிக்கும் ஒரு மணி உண்டு.
பித்தளை மணி, எழுந்துபோய் அடிக்க வேண்டும்.
அடித்தேன். கிளை முழுக்கக் கைதட்டியது.
தன் கடனுக்குத்தான் என்று நினைத்து
அவரும் தட்டினார்.

வியாழக்கிழமைகளில் எங்கள் ஜன்னலும் அவர் கணக்கு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம்
நுரையாகும், பிறகு மறுபடி முகமாகும்.
நான் கையசைப்பேன்.

2004இல் ஏணி வழுக்கியிருக்கிறது.
காப்பீட்டைக் கேட்டிருக்கிறார்.
பதில் கோப்பிலேயே இருக்கிறது, ஒரே பத்தி:
முதுகு சம்பந்தப்பட்டவை சேராது, பத்தொன்பதாம் ஷரத்து.
ஏட்டுச் சுரைக்காய்.
அதற்கு மாதாமாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் மனிதர்.

இந்தக் கோப்பை நான் தொடக்கூடாது, விதி இருக்கிறது.
பக்கத்து மேசை தில்வாரிடம் நகர்த்தினேன்.
காரணம் என்ற இடத்தில் "தெரிந்தவர்" என்று எழுதினேன்.
நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டான்:
புகார் ஏற்கப்பட்டது. கட்டியது, அதன் வட்டி,
மேலே எட்டு சதவீதம், அதில் வரி போக மீதி.
நடுவில் தரகு கம்பெனி எதுவும் இல்லை,
கைப்பட அவரே எழுதிப் போட்டது. முழுசும் அவருக்கு.

கடிதம் தானாக அச்சாகும்,
"வருந்துகிறோம்" என்று முடியும்.
அந்த 'ஓம்' அடியில் எத்தனை பேர் வேண்டுமானாலும்
மழைக்கு ஒதுங்குகிற மாதிரி நிற்கலாம்.
நானும் நின்றேன்.

பிறகு தில்வார் கூப்பிட்டான்.
கார்த்வெயிட் எழுதிய தாளின் பின்பக்கம்
நீல மையில், கொஞ்சம் சரிந்து:
"அந்தப் பெண்ணை ஒன்றும் சொல்லாதீர்கள்.
நல்ல பிள்ளை. என் தேநீருக்கு மூன்று சர்க்கரை என்று
ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வைத்திருந்தாள்."

"இது கேஸுக்குத் தேவையில்லையே.
முன்பக்கம் மட்டும் ஸ்கேன் பண்ணட்டுமா?"

மூன்று இல்லை, நாலு.

இரண்டு பக்கமும், என்றேன்.